அம்மா லேப்பில் இருந்த வாரம்

முப்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அம்மாக்களிடம் போய் நின்றுவிடுகிறது. உங்கள் அம்மா வேலைக்குப் போனாரா, வீட்டில் இருந்தாரா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறோம். ஆபீஸ் கேன்டீனில் கேட்கிறோம், பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் கேட்கிறோம். போனார், இருந்தார் என்று இரண்டே பதில்கள்தான் உண்டு என்பது நம் எண்ணம். என் பதில் இரண்டிலும் சேராது. என் அம்மா ஒரு வாரம் வேலைக்குப் போனார். வீட்டை விட்டு வெளியே வராமலே போனார்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். கோடை விடுமுறை. பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சந்தில், மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கீழே ஓனர் ஆன்ட்டி. மேலே அப்பா, அம்மா, சித்தப்பா, நான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். கம்பிக்குள் கையை விட்டால் தொடலாம். பூசாத சிமென்ட் கல். மழைக்காலத்தில் அதில் பாசி ஏறும். வெயில் காலத்தில் அந்தப் பாசி கருகிச் செதில் செதிலாக உதிரும். அந்த ஜன்னலில் பருவம் மாறுவது அப்படித்தான் தெரியும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். எந்த நேரத்தில் என்பது திறந்துவிடுகிற ஆளுக்கே தெரியாது. வாசல் குழாயைத் திறந்தே வைத்திருப்போம். முதலில் காற்று மட்டும் சீறிக்கொண்டு வரும். பிறகு செம்மண் கலங்கல் வரும். அது தெளியும்வரை வெளியே விட்டுவிட்டு, கேட்டுக்குப் பக்கத்துக் குழியில் இருக்கும் எங்கள் வால்வைத் திருப்பினால்தான் சம்ப் என்று நாங்கள் சொல்லும் தரையடித் தொட்டிக்குத் தண்ணீர் போகும். கொஞ்சம் அசந்தால் அன்றைய தண்ணீர் போச்சு. ஓனர் வீட்டுக்கு போர்வெல் இருந்ததால் அவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அம்மா பேசிக்கொண்டே இருப்பார், சட்டென்று பாதியில் நிறுத்திக் காது கொடுப்பார். எனக்குத் தலை பின்னும்போதும் அப்படித்தான். விரல்கள் நின்றுவிடும். தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி நகரும். அம்மா மார்க்கெட்டுக்குப் போக நினைத்துப் போகாமல் விட்டதும், உறவில் ஒரு வளைகாப்புக்குப் பாதியில் கிளம்பி வந்ததும் இந்தக் குழாய்க்காகத்தான்.

அப்பா ஒரு ஆயத்த ஆடை ஃபேக்டரியில் வேலை செய்தார். சட்டையில் இஸ்திரி ஆவி வாசனையும், தலைமுடியில் துணிப் பிசிறும் ஒட்டியிருக்கும். தையல் லைனில் காலர் வைக்க எவ்வளவு நேரம், பட்டன் தைக்க எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்ச் பிடித்துக் கணக்கெடுப்பது அவர் வேலை. எந்த மேஜையில் துணி குவிந்து நிற்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்வார். குரலை உயர்த்த மாட்டார். குடிக்க மாட்டார். எங்கள் சந்தில் மற்ற அப்பாக்களோடு வைத்துப் பார்த்தால் அவர் தங்கம். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் ஓனர் ஆன்ட்டிதான் ஆரம்பித்தார். அவர் தமிழையும் கன்னடத்தையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவார்.

"என் தங்கச்சி லேப்ல ஆள் பேக்கு அந்தே, ஆள் வேணுமாம். நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்கதானேம்மா? சும்மா மனேலே குந்திருந்தா என்னா ஆவும்? ஒரு தடவ போய்ப் பாருங்க."

துணிச் சாயம் வெளுக்கிறதா என்று சோதிக்கும் லேப் அது. சந்தாபுரா பக்கம். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். தண்ணீர் வராத நாளாகப் பார்த்துத்தான் போனோம். உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளிக்க வைக்கும் வாடை. நான் அம்மாவின் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அம்மா நடையை நிறுத்தாமல், "அசிட்டிக் ஆசிட் கண்ணு, ஒண்ணும் பண்ணாது" என்றார். வீட்டில் ரசப்பொடி வாசனையைச் சொல்வதுபோலச் சொன்னார். அங்கிருந்த அதிகாரி ஒரு பியூரெட்டைக் காட்டி, "செய்து காட்டுங்க" என்றார். அம்மா நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். நிறமே இல்லாத தண்ணீர் ஒரு சொட்டில் இளஞ்சிவப்பாக மாறியது. அதே நொடியில் அம்மாவின் கை குழாயை மூடிவிட்டது. மணமான பிறகு அவர் அதைத் தொட்டதே இல்லை. அதிகாரி, "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள பதில் சொல்லிடுங்க, வேன் உங்க ரோட்டு முனைக்கே வரும்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வழக்கமாக அது எனக்குத்தான்.

அப்பாவிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார்.

"போயேன். யாரு வேணாங்கறா?" என்றார் அப்பா. "வீடு ஓடணும், அவ்ளோதான்."

"ஓடும்" என்றார் அம்மா.

"வாய்ல சொன்னா எப்படி? ஸ்டடி பண்ணிப் பாத்துடலாம்."

அடுத்த வாரம் அப்பா இரண்டு நாள் லீவு போட்டார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை. சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பாட்டுக்கு வேலையப் பாரு. நான் இல்லன்னு நெனச்சுக்கோ."

"அது எனக்குப் பழக்கந்தான்" என்றார் அம்மா.

சித்தப்பா எலக்ட்ரானிக் சிட்டியில் கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து தூங்கி, மதியம் எழுந்து, சாயங்காலம் வண்டி வரும்வரை டிவி பார்ப்பார். அவர் பனியனோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"அண்ணி, டார்கெட் எட்டலன்னா ஓவர்டைம் போட்ருவார், ஜாக்கிரதை."

"உங்க அண்ணன் இன்னும் டைமே குடுக்கல. இதுல ஓவர்டைம் வேறயா?"

எல்லோரும் சிரித்தோம். அந்த இரண்டு நாள் வீடு கலகலப்பாகத்தான் இருந்தது. அப்பா உண்மையாகவே கவனித்தார். தேங்காய்க்கு ஒரு மூலை, கத்திக்கு ஒரு மூலை என்று அம்மா நடப்பதிலேயே பாதி நேரம் போகிறது என்று கண்டுபிடித்தார். அலமாரியை இறக்கி மாட்டினார். அஞ்சறைப்பெட்டி வலது கைக்கு வந்தது. கரண்டிகளுக்கு ஆணி அடித்தார். நன்றாக இருக்கிறது என்று அம்மாவே சொன்னார்.

ஒரே ஒரு இடத்தில்தான் உரசியது. அம்மா அடுப்பை விட்டு நகர்ந்து, ஈரக் கையோடு அசையாமல் நின்றார்.

"இப்ப என்ன பண்ண?" என்றார் அப்பா.

"கேட்டேன்."

"என்னத்த?"

"குழாய."

"கை அசையலயேம்மா. அத வேலைன்னு எழுத முடியாது."

சும்மா நிற்கிற நேரம் என்று எழுதிக்கொண்டார். நான் இன்று சிப் டிசைன் செய்கிறேன். என் தொழிலில் ஒரு சின்ன சர்க்யூட், சிக்னல் வருமா என்று காத்துக்கொண்டிருந்தால்கூட அது மின்சாரம் செலவழிக்கிறது என்று கணக்கில் எழுதுகிறோம். அம்மா அந்த ஜன்னலடியில் காத்திருந்து செலவழித்ததை எழுத அப்பாவின் அட்டையில் கட்டம் இல்லை. சித்தப்பாவுக்கு எந்தச் சட்டை வேண்டும், எனக்கு எப்போது பூச்சி மருந்து கொடுத்தோம், கேஸ் எப்போது தீரும் என்று மனத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தவற்றுக்கும் கட்டம் இல்லை. அங்கேயும் கை அசையவில்லை.

ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் அப்பா முடிவைச் சொன்னார்.

"தாராளமா போலாம். காலைல கொஞ்சம் சீக்கிரம் எழுந்தா சமையல் முடிஞ்சிரும். அரைக்கறது எல்லாம் ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளிரலாம். துணி ராத்திரி ஊற வெச்சுட்டா காலைல அலசிப் போட்டுட்டு வேன் புடிக்கலாம்."

அம்மா வெற்றிலைத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "உங்க லைன்ல ஒரு பொண்ணுகிட்ட துணி குவிஞ்சு நின்னா என்ன பண்ணுவீங்க?"

"அவ வேலைல பாதியப் பிரிச்சுப் பக்கத்து ஆளுக்குக் குடுப்போம்."

"இங்க பக்கத்து ஆளு யாரு?"

சித்தப்பா கை கழுவ எழுந்து போனார். அப்பா சிரித்தார். கோபமே இல்லாத சிரிப்பு.

"அது ஃபேக்டரிம்மா. இது வீடு."

பிறகு அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. புது மாடல் சட்டை வந்தால் ஃபேக்டரியில் முதலில் கொஞ்சம் தைத்துப் பார்ப்பார்கள். அதுபோல ஒரு வாரம் டிரயல். அம்மா லேப்புக்குப் போய்விட்டதுபோலக் காலையிலிருந்து சாயங்காலம்வரை இருக்க வேண்டும். யாரும் அவரைக் கூப்பிடக் கூடாது. வீடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

"அப்ப நான் வெளிய எங்கயாவது போய்ட்டு வரேனே" என்றார் அம்மா. "லால்பாக் போறேன். இல்ல, எங்க அக்கா வீட்டுக்கு."

"ஏதாவது அவசரம்னா? வீட்லயே இரு. அந்தச் சின்ன ரூம்ல கதவச் சாத்திக்கோ."

அந்தச் சின்ன அறையில் அரிசி மூட்டை, மடக்குக் கட்டில், சித்தப்பாவின் பழைய பெட்டி, குளிர்கால ரஜாய்ப் போர்வைகள் இருந்தன. உச்சியில் ஒரு வென்டிலேட்டர். திங்கட்கிழமை காலை அம்மா எல்லா வேலையையும் முடித்து, ஹாட் பேக்கில் சாப்பாட்டை அடைத்து வைத்து, கல்லூரியில் போட்ட வெள்ளைக் கோட்டைப் புடவைமேல் மாட்டிக்கொண்டார். பாக்கெட் ஓரத்தில் ஆசிட் தெறித்த பழுப்பு ஓட்டை இருந்தது. (அந்தக் கோட்டு பின்னாளில் மிக்ஸிக்கு உறையாகி, அப்புறம் கரித்துணியாகி, எங்கே போனதென்று தெரியவில்லை.) டிபன் பாக்ஸையும் ஒரு பழைய பாடப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார்.

"போயிட்டு வரேன் கண்ணு."

நானும் டாட்டா காட்டினேன். கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

முதல் நாள் வேடிக்கையாகத்தான் இருந்தது. மத்தியானம் தூங்கி எழுந்த சித்தப்பா கதவருகே போய் நின்றார்.

"அண்ணி, நீங்க லேப்ல இருக்கீங்கன்னு தெரியும். ஆனா என் நீலச் சட்டை எங்க?"

உள்ளே புத்தகத்தில் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

"சரி, இருக்குதா இல்லயான்னு மட்டும் சொல்லுங்க."

உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. சித்தப்பா கசங்கிய வேறு சட்டையைப் போட்டுக்கொண்டார். கேஸ்காரர் வந்து பெல் அடித்துப் பார்த்து, யாரும் திறக்காததால் திரும்பிப் போனார். சாயங்காலம் அம்மா கோட்டைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து, அலுவலகத்திலிருந்து வருகிறவரைப் போல "ஸ்ஸ்" என்று உட்கார்ந்தார். உடனே எழுந்து பாத்திரம் தேய்க்கப் போனார்.

மறுநாள் மத்தியானம் குழாய் சீறியது. கீழே ஆன்ட்டி கத்தினார். "மேலே! நீரு பந்த்து! நீரு!"

நான் சின்ன அறைக் கதவைத் தட்டினேன். "அம்மா, தண்ணி."

"அம்மா லேப்ல இருக்கேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. தாழ்வான குரல். அந்தக் குரல் கதவுக்கு மிகப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் எழுந்து வந்து கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும்.

சித்தப்பா மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி சித்தப்பா" என்றேன்.

"அண்ணியக் கூப்பிடு."

"அம்மா லேப்ல இருக்காங்க."

"ஏய், இந்த ஓவர் முடியட்டும்டீ."

நான் கீழே ஓடினேன். கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. குழிக்குள் குனிந்து வால்வைப் பிடித்துத் திருகினேன். இரும்பு உள்ளங்கையை அறுத்தது, அசையவில்லை. சித்தப்பா இறங்கி வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. அன்று ஆன்ட்டியிடம் குடத்தில் வாங்கித்தான் சமைத்தோம்.

அப்பா வந்ததும் காலி சம்ப்பை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து மிகப் பிரியமாகச் சொன்னார். "பாத்தியா? நீ இல்லன்னா இந்த வீடு ஒருநாள் ஓடாது."

"பாத்தேன்" என்றார் அம்மா. "ரெண்டு ஆம்பளைங்க இருக்கற வீட்ல தண்ணி சாக்கடைக்குப் போறதப் பாத்தேன்."

"அவன் ராத்திரி முழுக்க வேல செஞ்சவன்மா."

அப்பா யோசித்துக்கொண்டே இருந்தார். லைனில் துணி குவிந்து நின்றால் விடுகிறவர் இல்லை அவர். அவர் கண் வீட்டைச் சுற்றி வந்தது. டிவி முன்னால் கால் நீட்டியிருந்த சித்தப்பாவைக் கடந்தது, என்மேல் நின்றது. முகம் மலர்ந்தது.

"அட, பக்கத்து ஆளு இருக்கே! லீவுல சும்மாதான சுத்திட்டிருக்கா. பாப்பா, செய்வியா?"

"செய்வேன்ப்பா" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை அப்பா வேலைக்குக் கிளம்புவதற்குமுன் ஒரு இரும்புக் குழாயை வால்வின் கைப்பிடியில் சொருகி, என் கைக்கும் திரும்பும்படி செய்துகொடுத்தார். எதையும் சரிசெய்யத் தெரிந்தவர். ஸ்டூலைச் சிங்க்குக்குப் பக்கத்தில் போட்டார். அன்றிலிருந்து டிரயல் புதிதாகத் தொடங்கியது. நான் சாதத்துக்கு அரிசி களைந்தேன். சித்தப்பாவுக்குக் குழம்பு சூடு பண்ணிக் கொடுத்தேன். கேஸ்காரருக்குக் கதவு திறந்தேன். அடுத்த முறை தண்ணீர் வந்தபோது முதல் சீறலிலேயே பாய்ந்து ஓடி, கலங்கல் விட்டு, வால்வைத் திருப்பி, சம்ப் நிறைந்ததும் மூடினேன். ஆன்ட்டி மேலும் கீழும் பார்த்து, "அய்யோ, எஷ்டு ஷாணி, எவ்ளோ கெட்டிக்காரி! பெரிய மனுஷி ஆயிட்டா" என்று கன்னத்தைக் கிள்ளினார். சித்தப்பா என்னைச் சின்ன அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"சின்ன அண்ணி, ஒரு டீ கிடைக்குமா?"

அப்பா தினமும் என்னைத் தட்டிக்கொடுத்தார். வீடு ஓடியது. கணக்குச் சரியாக வந்தது. அம்மா திங்கட்கிழமை போய்ச் சேரலாம் என்று முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை ராத்திரி அம்மா அதிகம் கட்டாத ஒரு கைத்தறிப் புடவையை எடுத்துக் கஞ்சி போட்டு வைத்தார், லேப்புக்கு.

சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டுத் தோழி தெருவிலிருந்து கூப்பிட்டாள். பாண்டி ஆடக் கட்டத்தைத் தரையில் கிழித்துவிட்டு, கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவளோடு இன்னும் இரண்டு பேர். விடுமுறை முடிய ஒரு வாரம்கூட இல்லை. நான் சமையலறையில் ஸ்டூல்மேல் நின்று தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் தட்டோடு வெளியே வந்து மாடிப்படியிலிருந்து கத்தினேன்.

"நான் வரல. இன்னிக்குத் தண்ணி வரும்."

"வந்தா ஓடிப் போயேன்டி."

"முடியாது. சித்தப்பாவுக்குச் சாப்பாடு போடணும். வீட்ல ஆள் இல்ல."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். சின்ன அறைக் கதவு திறந்திருந்தது. வேலை நேரம் முடிய இன்னும் எவ்வளவோ இருந்தது. அம்மா வெள்ளைக் கோட்டோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். என் பாவாடை முன்புறம் முழுக்க ஈரம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பயம் வந்தது, ஏதாவது உடைத்துவிட்டேனோ என்று.

"நீ லேப்ல இருக்கணும்மா" என்றேன்.

"போ, வெளயாடு" என்றார்.

"டிரயல் கெட்டுடும்."

"போ கண்ணு."

கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். நான் படியில் இறங்கும்போது அம்மாவும் பின்னாலேயே இறங்கி வந்தார். நான் தெருவுக்குப் போனேன், அவர் ஆன்ட்டி வீட்டுக்குள் போனார். ஃபோன் அங்கேதான் இருந்தது. கட்டத்தில் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். சின்னப் பேச்சுதான். வைத்துவிட்டார். ஆன்ட்டி, "ஏன்ம்மா? எதுக்கும்மா?" என்று கேட்டுக்கொண்டே வாசல்வரை வந்தார். அம்மா மேலே ஏறிப் போனார்.

அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. எல்லாம் சரியாக வந்த பிறகு ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வருத்தப்பட்டார் என்றுகூடச் சொல்வேன். "எனக்கு முடியாதுங்க, விடுங்க" என்று மட்டும் அம்மா சொன்னார். பொம்பளை மனசு வீட்டைத்தான் சுற்றும் என்று சித்தப்பா சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு அம்மா என்னைச் சமையலறைக்குள் விட்டதில்லை. படி, போ, வெளியே போ. நான் பி.இ. முடித்து வேலைக்குச் சேரும்வரை எனக்குக் குக்கரில் எத்தனை டம்ளர் தண்ணீர் வைப்பது என்று தெரியாது. பிடிவாதக்காரி, பெண்ணுக்கு ஒரு வேலை கற்றுக்கொடுக்கவில்லை என்று உறவில் அம்மாவைத்தான் பேசினார்கள்.

போன மாதம் எனக்கு மாப்பிள்ளை பேச வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு அப்புறமும் பெண் வேலைக்குப் போவாளா என்று வந்த பெரியவர் கேட்டார். அப்பா ரிட்டயர் ஆகி, முடி வெளுத்து, இப்போதும் அதே மென்மையான குரல்.

"எங்க வீட்ல அதெல்லாம் தடை இல்லீங்க. இவங்க அம்மாவுக்கே அப்ப ஒரு நல்ல வேலை வந்தது. நான் ஸ்டடி பண்ணி, டிரயலெல்லாம் குடுத்துப் பாத்தேன். ஒரு வார்த்த வேணாம்னு சொல்லல. அவளேதான் வேணாம்னுட்டா."

வந்தவர்கள் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்து, இன்னொரு சுற்று காபி கலக்க உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, அவர் சொல்றத ஏன் கேட்டுட்டு சும்மா இருக்க?"

"பொய்யா சொல்றாரு? நான்தான வேணாம்னேன்."

"எதுக்குன்னு சொல்லலாம்ல?"

அம்மா டபராக்களைத் தட்டில் அடுக்கினார். பால் பொங்கி வந்தது. அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"நான் வேணாம்னு சொல்லி இந்த வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதான்."